அறுபத்தாறாயிரம் வாங்கும் மெக்கானிக்

“பேனாவைக் கீழ வை, ஷெல்பி. நான் இன்னும் பேசி முடிக்கல.”

கர்ட்டிஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் கார் பழுதுபார்க்கச் சொல்லித் தரும் தனியார் பள்ளி அது. சேர்க்கை அலுவலகத்து மேசைக்கு முன்னால் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் முன் கடன் பத்திரம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. இருபத்து மூவாயிரத்து நானூறு டாலர். அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“பேசு. காலையிலேர்ந்து அதைத்தானே செஞ்சுக்கிட்டிருக்க?” என்றாள் ஷெல்பி. ஓட்டலில் தட்டு தூக்கித் தூக்கி அவளுக்கு இருபத்திரண்டு வயதிலேயே முதுகுவலி வந்திருந்தது. அங்கிருந்து எப்படியாவது தப்பித்தால் போதும் என்றிருந்தாள்.

“நானும் இங்கதானே படிச்சேன்? ஆறு வருஷம் ஆச்சு. பத்தொன்பதாயிரம் கடன் வாங்கினேன். கையில இருக்கறதை மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தான் வர்றேன். இப்ப எவ்வளவு நிக்குது தெரியுமா? இருபத்தோராயிரம்! கட்டக் கட்ட வளருது.”

மேசைக்கு அந்தப் பக்கம் பிரெண்டா சிரித்த முகம் மாறாமல் இருந்தாள். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனால் இப்படிக் கத்துகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையாது சார்.” வழவழப்பான தாள் ஒன்றை ஷெல்பியிடம் நகர்த்தினாள். “எங்ககிட்ட படிச்சவங்க சராசரியா வருஷத்துக்கு அறுபத்தாறாயிரத்து ஐந்நூத்தி அறுபது டாலர் சம்பாதிக்கறாங்க. அந்த வருமானத்துக்கு இந்தக் கடனெல்லாம் ஒரு பாரமே இல்ல.”

“பாத்தியா?” என்றாள் ஷெல்பி அண்ணனிடம். “உனக்கு வரலைன்னா ஊர்ல யாருக்குமே வராதா? நீ எப்பவும் ஆமை வேகம்.”

கர்ட்டிஸுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் முழுக்க முதுகொடிய உழைத்து அவன் கண்டது முப்பத்து நாலாயிரம். அதிலும் ஸ்பானர், சாக்கெட் எல்லாம் சொந்தக் காசில் வாங்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடம் இப்படி நாக்கூசாமல் அச்சடித்துக் கொடுக்கிறதே என்று அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்த்தான்.

“எத்தனை பேர்கிட்ட கேட்டு இதைப் போட்டீங்க மேடம்?”

“நாப்பத்தோரு பேருக்குப் படிவம் அனுப்பினோம்.”

“பதில் போட்டது எத்தனை பேர்?”

பிரெண்டா ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் வாடியது. “ஒருத்தர்.”

“ஒருத்தனா? ஒரே ஒருத்தனுக்கு எதுக்கு மேடம் சராசரி?” கர்ட்டிஸ் மேசையில் ஓங்கித் தட்டினான். “அந்த மகராசன் எந்தப் பட்டறையில இருக்கான்? சொல்லுங்க, நாளைக்கே நானும் போய்ச் சேந்துக்கறேன்.”

“மணிக்கு முப்பத்திரண்டு டாலர்னு எழுதியிருக்கார் சார். வாரத்துக்கு நாப்பது மணி நேரம், வருஷத்துக்கு அம்பத்திரண்டு வாரம். பெருக்கிப் போட்டோம். கணக்கு சரிதானே?”

கர்ட்டிஸ் எழுந்தே விட்டான்.

“எந்த மெக்கானிக்குக்கு மேடம் நாப்பது மணி நேரத்துக்கும் சம்பளம் வருது? எந்த வேலைக்கு எவ்வளவு நேரம்னு ஒரு புத்தகம் இருக்கு. பிரேக் மாத்த ஒன்றரை மணி நேரம்னு அதுல போட்டிருந்தா, ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் காசு. இந்த ஊர்ல குளிர்காலம் பூரா பனி உருகறதுக்கு ரோட்டுல உப்பைக் கொட்டறாங்க. போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும். கழட்டவே மூணு மணி நேரம் ஆகும். மிச்சத்துக்கு எவன் தருவான்? வண்டி வராத நாள்ல பொழுதன்னிக்கும் நின்னுட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போகணும். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குக் காசு வந்தா அதுவே பெரிசு!”

“படிவத்துல அதெல்லாம் கேக்கலையே சார். மணிக்கு எவ்வளவுன்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு.”

“கேக்க மாட்டீங்களே! கேட்டா இந்த நாற்காலியில யாரு வந்து உக்காருவா?” அவன் கழுத்து நரம்பு புடைத்தது. “உங்களை விடுங்க. எழுதினவனுக்குப் புத்தி எங்க போச்சு? பின்னாடி வர்ற பிள்ளைங்க தலையில இது விடியும்னு யோசிக்க வேண்டாம்? எந்த மடையன் மேடம் அவன்?”

“நான் அந்தப் படிவத்தைப் பாக்கலாமா?” என்று கேட்டாள் ஷெல்பி.

“பேரைக் காட்டக் கூடாதுன்னு விதி இருக்கும்மா.” பிரெண்டா தாளின் மேற்பகுதியை மடித்துவிட்டு அவளிடம் நீட்டினாள். “ஆனா ரொம்பப் பொறுப்பானவர். அனுப்பின வாரமே பதில் போட்டுட்டார். அதுக்கு மளிகைக் கடையில செலவழிக்க இருபத்தஞ்சு டாலர் அட்டைகூட அனுப்பி வெச்சோம்.”

கர்ட்டிஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ஷெல்பி தாளில் இருந்த கோணல் எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். பேனாவை மூடி, கடன் பத்திரத்தைப் பிரெண்டா பக்கமே தள்ளினாள்.

“வா, வீட்டுக்குப் போகலாம்,” என்றாள் மெதுவாக.

பத்து மணி நேரத்துக்கு மட்டுமே காசு வந்த ஒரு வாரத்தில், தன் குழந்தைக்குப் பால் வாங்க அந்த இருபத்தைந்து டாலராவது கிடைக்குமே என்றுதான் கர்ட்டிஸ் அந்தப் படிவத்தை அவசரமாக நிரப்பி அனுப்பிவிட்டு, அதையே மறந்தும் போயிருந்தான்.