சுவருக்கு அந்தப் பக்கம்

“அதே பாட்டை மறுபடி போடுங்கண்ணே. வந்து சொல்றேன்” என்றபடி அவள் மூன்றாவது முறையாக அறையை விட்டு வெளியே போனாள்.

கடைக்காரர் அவளுடைய கணவனைப் பார்த்தார். “சார், ஸ்பீக்கருக்கு எதிர்ல உக்காந்து கேக்கணும். மேடம் என்னடான்னா பின்னாடி சரக்கு ரூம்ல போய் நின்னுக்கறாங்க.”

“அவ அப்படித்தான்” என்றான். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மோட்டார் அலறும் இருட்டுக் குழிக்குள் நிற்கிறவன். வீட்டில் பாட்டு என்று இருந்தது சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய ரேடியோ ஒன்றுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் அதுவும் மூச்சை நிறுத்திக்கொண்டது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். இரண்டு ஸ்பீக்கர். கூடவே, தும் தும்மென்ற அடித்தாளத்துக்கென்றே தனிப் பெட்டியாக ஒரு சப்வூஃபர்.

பெட்டிகளின் அளவுக்குச் செய்தித்தாளைக் கத்தரித்து ஹாலில் தரையில் போட்டுவைத்தான். தினமும் வேலையிலிருந்து வந்ததும் எதிரே உட்கார்ந்து அந்தத் தாள்களைப் பார்ப்பான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாள் நகராமல் சுற்றிச் சுற்றிப் பெருக்கினாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

பாட்டு தொடங்கியது. கண்களை மூடினான்.

சப்வூஃபரின் ஒலி காது வழியாக வரவில்லை. உள்ளங்காலில் ஏறி, முழங்காலைக் கடந்து, வயிற்றில் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேலே ஒரு பெண்குரல் மிதந்தது. அறை மெல்லக் கீழே இறங்குவதுபோல் இருந்தது. கயிறில்லாத லிஃப்ட். மோட்டார் இல்லை, பொத்தான் இல்லை. எந்த மாடியிலும் நிற்க வேண்டாம். போய்க்கொண்டே...

கதவு திறந்தது. “இது வேண்டாம்.”

லிஃப்ட் நின்றுவிட்டது.

“ஏன்?”

“வேண்டாங்க.”

கடைக்காரர் சிரித்தார். “எனக்குப் புரிஞ்சுபோச்சு மேடம். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாது, அவ்வளவுதானே? சப்வூஃபரை விடுங்க. இந்தக் குட்டி ஸ்பீக்கரைப் பாருங்க. பூனை நடக்கற மாதிரி இருக்கும்.”

அவள் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். “இது வீட்டுச் சுவர் கனம் இருக்குமாண்ணே?”

“அதே செங்கல்தான்.”

போனாள். அரைப் பாட்டிலேயே திரும்பி வந்தாள். “இதுவும் வேண்டாம். அங்க ஒண்ணுமே கேக்கல.”

“கேக்கக் கூடாதுன்னுதானே மேடம்...” கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

தன் கோபம் யார்மேல் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி. ஹாலிலிருந்து சமையலறை வரை இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மொட்டை மாடியில் ஒரு கொடி, ஒரு ஈரப் போர்வை, யார் முதலில் காயப்போட்டது என்று ஒரு சண்டை. அன்றோடு பேச்சு நின்றது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்ப்பார்கள், அங்கே ஏதோ பல்பு மாற்ற வேண்டியிருப்பதுபோல.

“எல்லாம் அந்தப் போர்வைக்காரிக்குப் பயந்துதானே?” என்றான்.

“பயமா? எனக்கா?”

“பின்ன என்ன? இத்தனை வருஷத்துல ஒண்ணு ஆசைப்பட்டிருக்கேன். என் வீட்ல உக்காந்து நான் பாட்டு கேக்க அவ உத்தரவு கொடுக்கணுமா?”

கடைக்காரர் திடீரென்று ஒரு ஒயரைச் சுருட்டுவதில் மும்முரமானார்.

அவள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீங்க காலையில கிளம்பிப் போயிடுவீங்க. உங்களுக்குத் தெரியாது. நம்ம ரேடியோ பாடறப்ப அவளும் அந்தப் பக்கம் பாடுவா. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே. ஒரு வரி பிசகாது.”

அவன் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

“ரேடியோ நின்ன நாள்லேருந்து வெறும் பாத்திரச் சத்தம்தான் வருது. அதுவும் முன்ன மாதிரி இல்ல, ஏனோதானோன்னு.”

“அதுக்கு?”

“அந்தச் சின்னது சுவரைத் தாண்டவே இல்ல. பெரிசைப் போட்டா தும் தும்னு அது மட்டும் தாண்டுது, வார்த்தை இந்தப் பக்கமே நின்னுடுது. வார்த்தை கேக்கலைன்னா அவ எப்படிங்க கூடப் பாடுவா?”

அவன் அவளையே பார்த்தான். “அவகூட உனக்குப் பேச்சே கிடையாதே?”

“கிடையாதுதான். பாட்டாவது போகட்டுமே.”

கடைக்காரர் ஒயரைக் கீழே வைத்தார். “சார், சப்வூஃபருக்குப் பின்னாடி தனியா ஒரு திருகு இருக்கு. அதைக் கூட்டிக் குறைச்சுக்கலாம்.”

அவன் எழுந்தான். அந்தக் கறுப்புப் பெட்டியின் தலையை ஒரு முறை தடவிக்கொடுத்தான். பிறகு குனிந்து, திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினான்.

“நீ இங்க நடுவுல உக்காரு” என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பாட்டு தொடங்கியது. முதல்முறையாக ஸ்பீக்கர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவள் மெல்லக் கண்களை மூடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது.

“இன்னும் கொஞ்சம் குறைங்க. ரெண்டாவது வரி பிடிபடல.”