கைராசி

"வியன்னாவுல வேலை கிடைச்சிருக்கு, மேடம். விட்டுடுங்க," என்றான் காமென்.

பேராசிரியை ரோசிட்சா பதறினார். "இந்த சோபியா நகரத்துல எனக்கு உன்னை விட்டா யாருப்பா இருக்கா? நீ கிண்ணத்து மேல குனிஞ்சாத்தான் நம்ம புரதம் படிகமாகுது. மத்தவங்க குனிஞ்சா மோர் மாதிரி கலங்கிப் போகுது. படிகம் இல்லாம அதோட வடிவத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது? வடிவம் தெரியாம அது உடம்புக்குள்ள என்ன வேலை செய்யுதுன்னு எதை வெச்சு எழுதறது? உன்னைத் துணைப் பேராசிரியர் ஆக்கறேன், இரு!"

காமெனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் மூளைக்கு இவ்வளவு மதிப்பா! மறுநாள், புதுப் பதவிக்கேற்றபடி முகத்தை மழமழவென்று மழித்துக்கொண்டு வந்து நின்றான்.

"எங்கேப்பா தாடி?" பேராசிரியை நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சலூன்ல, மேடம்."

"அடப்பாவி! பழைய படிகத் தூளெல்லாம் அதுலதானே ஒட்டியிருந்துது. அது கிண்ணத்துல உதிர்ந்துதானே புதுசே முளைச்சுது! சலூன்காரன் குப்பையைக் கொட்டியிருப்பானோ?"

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியவர், வாசலில் ஒரு கணம் திரும்பினார்.

"நீ தாராளமா வியன்னா போய்ட்டு வாப்பா."