எஸ்தர் கடை மாமூல்

உளவுத்துறையும் வங்கிக் கண்காணிப்புத் துறையும் கைகோத்த பிறகு, கடைகளில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் டப்பாவுக்குக் காதும் முளைத்துவிட்டது. காசிமேட்டில் எஸ்தரின் இட்லிக் கடையில் அது கேட்ட முதல் வார்த்தை, தினமும் வரும் வலை வியாபாரி சொன்ன "மாமூல்."

ஐந்தே நிமிடத்தில் இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன.

"எந்த ரவுடிக்கு மாமூல் குடுக்கறீங்கம்மா?"

"சார், இவருக்கு மாமூல்னா ரெண்டு இட்லி, ஒரு வடை."

நம்பாத அதிகாரிகள் சாப்பிட்டுப் பார்த்தார்கள். மறுநாளும் டப்பா கூப்பிட்டது, வந்தார்கள். ஒரே மாதத்தில், கூப்பிடாமலேயே வர ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் ஸ்டெப்னி தனபால் வந்து கல்லாவில் கையூன்றினான். ஆறு வருடம் எஸ்தரிடம் வாராவாரம் இருநூறு ரூபாய் பிடுங்கிவிட்டு ஜெயிலுக்குப் போனவன், முந்தின நாள்தான் வெளியே வந்திருந்தான்.

"யக்கா, மாமூல்."

பதினோரு பேர் இலையிலிருந்து நிமிர்ந்தார்கள். பதினோரு அடையாள அட்டைகள் கழுத்தில் ஆடின. தனபால் கல்லாவிலிருந்து கையை எடுத்தான்.

எஸ்தரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ரெண்டு இட்லி, ஒரு வடை. அதானே தம்பி?"

தலையாட்டினான். உட்கார்ந்து சாப்பிட்டான். செல்போனை எடுத்து நீட்டினான்.

"தனபாலிடமிருந்து ரூபாய் இருநூறு பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியது டப்பா.