போன் அளவுக்கு ஒரு பாக்கெட்

குத்துக்கல்வலசையில் அனுசியாவின் தையல் கடை வாசலில் வெயிலும் சாரலும் சேர்ந்தே விழுகின்றன. அவள் யாருடைய ஜாக்கெட்டையோ தைத்து முடிக்கிறாள். மிஷின் ஓடும்போதெல்லாம் அதன் பலகை மேலிருக்கும் தன் போன் நடுங்க, சென்னையிலிருந்து அழைப்புதானோ என்று, சீருடை தைக்கக் கொடுக்க உம்மாவோடு வந்திருக்கும் ஹுஸ்னா எட்டிப் பார்க்கிறாள். அவள் ஆசைப்பட்ட சென்னைக் கல்லூரி அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. இடம் கிடைத்த உள்ளூர்க் கல்லூரி திங்கட்கிழமை திறக்கிறது. அதன் ஊதாச் சீருடைத் துணியை அனுசியா கஞ்சி மணக்க மேஜையில் விரிக்கிறாள். அவள் வெட்டப் போக, உம்மா கத்தரிக்கோலைப் பிடித்துக்கொள்கிறாள். “ஏட்டி, நாளைக்கே அங்கன கூப்பிட்டுட்டா துணி வீணாப் போயிருமே?” “கூப்பிட்டா சந்தோஷமா வீணாக்குவோம் உம்மா. நீங்க வெட்டுங்கக்கா,” என்கிறாள் ஹுஸ்னா. உம்மாவின் பிடி தளர்கிறது. “வலப்பக்கம் ஒரு பாக்கெட் வச்சிருங்கக்கா, போன் வைக்க.” “கிளாஸ்ல போனை எடுக்க விடுவாவளா?” என்கிறாள் அனுசியா. “எடுக்க மாட்டேன். நடுங்குனா எனக்குத் தெரியணும்லா.” அனுசியா சிரிக்கிறாள். பலகை மேலிருந்த போனை எடுத்து ஊதாத் துணியின் மேல் வைத்து, அதைச் சுற்றி, விரல் நுழையக் கொஞ்சம் இடம் விட்டு, சாக்பீஸால் கோடு போடுகிறாள்.