அணிலாரின் மேற்பார்வை

பயிர் வைப்பதைக் கைவிட்ட நிலத்தில் காடு வளர்க்கலாமென்று இலுப்பை விதைகளை ஊன்றிவிட்டுப் போனார்கள். மேற்பார்வைக்கு ஓர் அணில் தன்னைத் தானே நியமித்துக்கொண்டது. தினமும் ஒவ்வொரு விதையாகத் தோண்டியெடுத்து, "முளைச்சாச்சா?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பப் புதைக்கும்.

"கொஞ்சம் மண்ணுக்குள்ள இருக்க விடுங்கய்யா," என்றது வரப்பு ஓரத்தில் கிடந்த ஒரு விதை.

"வாயைக் குறைச்சுக்கிட்டு முளைக்கிற வழியைப் பாரு."

பத்தே நாளில் மற்ற விதைகளெல்லாம் வெயிலில் காய்ந்து செத்தன. "அத்தனையும் சொத்தை," என்று அணில் முடிவு கட்டியது. வரப்போர விதையை எங்கே புதைத்தோம் என்பது மட்டும் அதற்கு மறந்தேபோனது. அந்தப் புண்ணியத்தில் அது மழைக்குத் துளிர்த்தது.

அணில் ஓடிவந்தது. "பார்த்தியா, மேற்பார்வைன்னா இது."

"எல்லாம் உங்க தயவுங்கய்யா," என்றது நடுங்கிப்போன கன்று.

"இருக்கட்டும். வேர் ஒழுங்கா இறங்கியிருக்கான்னு ஒரு பார்வை பார்த்துடுறேன்," என்று அணில் தோண்டத் தொடங்கியது.