இரண்டு வார ஈஸ்ட்

அமெரிக்காவின் வடக்கே, டுலூத் நகரில், வீட்டிலேயே பீர் வடிப்பவர்களுக்கான கடை அது. மாலை நாலு மணிக்கே வெளிச்சம் சாம்பலாகிறது, கதவுக் கண்ணாடியில் பனி உருகிக் கோடுகோடாய் வழிகிறது. குளிர்பெட்டியின் முன்னால் நிற்கும் ஆர்வித் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, நாலு நாள் கழித்து, இன்றுதான் ஒரு மனிதரிடம் வாய் திறக்கிறார். கடைக்காரி ப்ரெண்டா பீரைப் புளிக்கவைக்கும் ஏல் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை நீட்டுகிறாள். “இதப் போடுங்க. மூணே நாள்ல வேலைய முடிச்சுட்டுக் கம்முனு அடியில படுத்துக்கும்.” அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குளிர்பெட்டியிலேயே திரும்ப வைக்கிறார். “மெதுவா இழுக்குறது ஏதாவது இருக்காம்மா?” ப்ரெண்டா சிரிக்கிறாள். “எல்லாரும் சீக்கிரம் முடியுறதத்தான் கேப்பாங்க. இந்த இங்கிலீஷ் ஈஸ்ட் இருக்கு, சோம்பேறிக் கழுத. வீடு குளிரா இருந்தா ரெண்டு வாரம்கூட இழுக்கும். ஜாடி மூடியில காத்து வெளியேற வெச்சிருக்குற குழாய்ல ராப்பகலா குபுக் குபுக்குனு குமிழி விட்டுக்கிட்டே கெடக்கும். கீழ நிலவறையில வெச்சிருங்க, சத்தம் தொந்தரவா இருக்காது.” ஆர்வித் காசைக் கொடுத்துவிட்டு, வெளிக்குளிரில் ஈஸ்ட் செத்துவிடாதபடி பாக்கெட்டைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானை மாட்டுகிறார். கதவில் கைவைத்தவர் திரும்பாமலே சொல்கிறார்: “சமையலறையில வைக்கப் போறேன். நான் சாப்பிடுற மேசை மேலயே.”