அண்ணன் மாடியில் சிணுங்கும் மெயில்

புல்டோசர் ஒரு தட்டுத் தட்டியதும் சமையலறைச் சுவர் சரிகிறது. அடுப்புமேடையில் முதன்முதலாக வெயில் விழுகிறது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு தெருவில் நிற்கிறார். “ஒரு நோட்டீஸ்கூட வரலியே, சார்!” நகராட்சி அதிகாரி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டுகிறார். “ரோட்டை அகலப்படுத்தப் போறோம்னு போன மாசமே மெயில் போயிருக்கு. திறந்து படிச்சிருக்கீங்க. ஆட்சேபணையே சொல்லலையே.” திரையில் அண்ணனின் மெயில் முகவரி. தனக்கென்று மெயில் இல்லாத தையல்காரர், சொத்து பிரிவதற்கு முன்பு அதைத்தான் நகராட்சியில் கொடுத்திருந்தார். பிரிந்த நாளிலிருந்து முகங்கொடுத்துப் பேசாத அண்ணன் எதிர்வீட்டு மாடியில் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். தையல் மெஷின் புழுதிக்குள் மறைகிறது. அதிகாரி திரையில் எதையோ அழுத்துகிறார். மாடியில் கைப்பேசி சிணுங்குகிறது. அண்ணன் நிதானமாக வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு அதை எடுத்துப் படிக்கிறார். “தம்பி,” என்று கூப்பிடுகிறார், “உனக்கு மெயில் வந்திருக்குடா. வீட்டை இடிச்சாச்சாம்.”